புளோரன்ஸ் நைற்றிங்கேல்: எண்களைப் படமாக்கிய தாதி

புளோரன்ஸ் நைற்றிங்கேல் 1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி, இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலேயக் குடும்பமொன்றில் பிறந்தார். சிறுவயதிலேயே கணிதத்தில் பெருவிருப்புக் கொண்டிருந்தார். தாதித் தொழிலை உயர்குடியினர் இழிவாகக் கருதிய காலம் அது. குடும்பத்தவரின் எதிர்ப்பையும் மீறி 1851இல் ஜேர்மனியில் பயிற்சி பெற்றார்.

கிரிமிய யுத்தத்தின்போது, 1854 நவம்பரில், 38 தாதியருடன் துருக்கியின் ஸ்குட்டாரி இராணுவ வைத்தியசாலையை அடைந்தார். இரவில் விளக்கேந்தி நோயாளரைப் பார்வையிட்டதை மாணவர் யாவரும் அறிவர். விடை எழுதுவோர் பெரும்பாலும் அத்துடனேயே நின்றுவிடுகின்றனர். ஆனால் அவர் சென்ற பின்பும் அம்மாரிகாலத்தில் இறப்புகள் குறையவில்லை, கூடின. கட்டடத்தின் கீழே கழிவுக் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தன. 1855 மார்ச்சில் வந்த சுகாதார ஆணைக்குழு அவற்றைத் துப்புரவாக்கிக் காற்றோட்டத்துக்கு வழிசெய்த பின்னரே இறப்புகள் வெகுவாகக் குறைந்தன.

யுத்தம் முடிந்து நாடு திரும்பியதும், புள்ளிவிபரவியலாளர் வில்லியம் பாருடன் இணைந்து இறந்தோரின் கணக்கை ஆராய்ந்தார். 1855 ஜனவரியில் மட்டும் காயங்களால் இறந்தோர் 83 பேர். தடுத்திருக்கக்கூடிய தொற்றுநோய்களால் இறந்தோர் 2,761 பேர். அட்டவணைகளை அதிகாரிகளும் பொதுமக்களும் பொறுமையாகப் படிப்பார்களா? எனவே அவ்வெண்களைப் படமாக வரைந்து 1858இல் வெளியிட்டார்.

மாணவர்களே, நீங்கள் வரையும் வட்ட வரைபில் ஆரை மாறாது, கோணம் மாறும். இவரது வரைபில் கோணம் மாறாது, ஆரை மாறும். 12 மாதங்களுக்கும் 12 ஆரைச்சிறைகள். மையத்திலிருந்து அளக்கப்படும் பரப்பளவே இறப்பின் அளவு. நீலம் தொற்றுநோயையும், சிவப்பு காயத்தையும், கறுப்பு ஏனைய காரணங்களையும் குறித்தன. 1855 மார்ச் வரையான முதல் உருவில் நீலம் பரந்து விரிந்திருக்கும். சிவப்போ மையத்தை அண்டிய சிறு துண்டுதான். அடுத்த ஆண்டின் உருவில் நீலம் சுருங்கிவிடும். பகைவனின் குண்டைவிட அழுக்கே அதிகம் பேரைக் கொன்றது என்பதை எண் ஒன்றையும் வாசிக்காமலேயே கண்டுகொள்ளலாம்.

அவர் வலியுறுத்திய சீர்திருத்தங்களால் படைமுகாம்களின் வடிகாலும் காற்றோட்டமும் திருத்தப்பட்டன. 1860இல் இராணுவ மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அதே ஆண்டில் லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிக் கல்லூரியையும் நிறுவினார். லண்டன் புள்ளிவிபரச் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரும் இவரே. 1910 ஆகஸ்ட் 13ஆம் திகதி லண்டனில் காலமானார்.