மதுரவாயலில் மறைந்த தாவர விஞ்ஞானி... யார் இந்த ஜானகி அம்மாள்?

தக்காளிச் செடி பச்சையாகவே இருக்கும், ஆனா திடீர்னு தலை தொங்கிடும். தண்ணி ஊத்தினாலும் எழாது. தண்டை வெட்டி டம்ளர் தண்ணீரில் வைத்தால் பால் மாதிரி கசியும். இதுதான் பாக்டீரியா வாடல் நோய். கிருமி மண்ணிலேயே தங்கிவிடுவதால் மருந்தடித்து ஒழிப்பது கஷ்டம். நோயைத் தாங்கும் செடிகள்தான் நம்பகமான வழி. சுண்டைக்காய் போன்ற காட்டு உறவுகளிடம் அந்தக் குணம் இருக்கிறது.

ஆனால் காட்டுச் செடியைப் பயிரோடு கலப்பது சுலபமில்லை. குரோமோசோம் கணக்கு பொருந்தாவிட்டால், பிறக்கும் கலப்பினம் பெரும்பாலும் மலடாகிவிடும். அந்தக் கணக்கை எண்ணியே வாழ்நாளைக் கழித்தவர் ஜானகி அம்மாள்.

1897-ல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று, 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கே அவர் ஆராய்ந்தது தக்காளிக் குடும்பத்துச் செடி ஒன்றை. கத்தரியின் குரோமோசோம்களையும் ஆராய்ந்தார்.

1934-ல் கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். நாட்டுக் கரும்போடு காட்டு நாணலைச் சேர்த்து, நம்ம மண்ணைத் தாங்கும் ரகங்களை உருவாக்கிய இடம் அது. ஜானகி அம்மாள் கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து காட்டினார். ஆனால் பெண் என்பதாலும் சாதியாலும் அங்கே ஒதுக்கப்பட்டார் என்று வரலாற்றாய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

1940-ல் லண்டன் ஜான் இன்னஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். போர்க் காலத்திலும் வேலை நிற்கவில்லை. 1945-ல் சி.டி.டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்த புத்தகத்தை வெளியிட்டார். எந்தச் செடியை எதோடு கலக்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு அது கையேடு.

நேருவின் அழைப்பில் 1951-ல் நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பணியை ஏற்றார். காடு அழிந்தால் அங்கிருக்கும் பயிர்களின் உறவுகளும் அழியும் என்பது அவர் கவலை. எண்பது வயதிலும் சைலன்ட் வேலி காட்டைக் காக்கும் போராட்டத்துக்கு ஆதரவாக நின்றார். 1977-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

கடைசி ஆண்டுகளில் அவர் இருந்தது மதுரவாயலில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வகத்தில். 1984 பிப்ரவரி 7-ல் அங்கேயே காலமானார். சென்னையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்குப் போகும் பஸ்கள் பல இன்றும் அந்த வழியாகப் போகின்றன.

தக்காளி வாடலுக்கு அவர் மருந்து கண்டுபிடிக்கவில்லை. இன்று கத்தரி, சுண்டைக்காய் நாற்றின் மேல் தக்காளியை ஒட்டுக்கட்டி விவசாயிகள் இந்த நோயைத் தவிர்க்கிறார்கள். வேலியோரச் சுண்டைக்காய் இருக்கும்வரைதான் அந்த வழியும் இருக்கும்.