கைவிளக்கேந்திய காரிகை போட்ட கணக்கு

தீபம் ஏத்துற ஊர்க்காரங்க நாம. விளக்குன்னா நமக்குத் தனிப் பிரியம். கையில் விளக்கோடு நிற்கும் ஒரு அம்மாவின் படத்தை எல்லாரும் பார்த்திருப்பீங்க. அவர்தான் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். நோயாளிகளைக் கவனித்த செவிலியர் என்றுதான் அவரைப் பற்றிப் படிக்கிறோம். அவர் பெரிய கணக்குப்புலி என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

★ இளமை

1820 மே 12-ல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். ஊர்ப் பெயரையே குழந்தைக்கு வைத்துவிட்டார்கள். வசதியான ஆங்கிலேயக் குடும்பம். பெண்பிள்ளைக்குக் கணக்கு எதுக்குன்னு வீட்டில் தயங்கினார்கள். அவர் விடாமல் கேட்டுக் கற்றுக்கொண்டார். நர்ஸ் வேலை கௌரவக் குறைச்சல் என்று நினைத்த காலம் அது. அதையும் மீறி 1851-ல் ஜெர்மனி போய்ப் பயிற்சி எடுத்தார்.

★ போர்க்கள ஆஸ்பத்திரி

1854-ல் கிரிமியப் போர் நடந்தபோது 38 பெண்களுடன் துருக்கியில் ஸ்குட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே சாக்கடை நாற்றம், எலி, பேன். அதைவிட அவரை அதிர வைத்தது இறப்புப் பதிவேடு. மூன்று இடத்தில் மூன்று பதிவேடு, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. எத்தனை பேர் செத்தார்கள் என்றே யாருக்கும் சரியாகத் தெரியவில்லை! செத்தவர் எண்ணிக்கையே தெரியாவிட்டால் சாவை எப்படித் தடுப்பது? பதிவை ஒழுங்குபடுத்தினார்.

1855 பிப்ரவரியில் அங்கு சேர்ந்த நோயாளிகளில் 100-க்கு 42 பேர் இறந்தார்கள். மார்ச்சில் சுகாதாரக் குழு வந்து சாக்கடையைச் சுத்தம் செய்தது. ஜூனில் அது 100-க்கு 2 ஆகக் குறைந்தது. ஊர் திரும்பியதும் வில்லியம் பார் என்ற புள்ளியியல் அறிஞரோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கணக்குப் போட்டார். குண்டடி பட்டுச் செத்தவர்களைவிட, தடுக்கக்கூடிய நோயால் செத்தவர்களே மிக அதிகம் என்று தெரிந்தது. எண்களைப் பார்த்தால் மந்திரிகளுக்குத் தூக்கம் வருமே! அதனால் 1858-ல் பூ இதழ் மாதிரி வண்ணப்படம் வரைந்து காட்டினார். நோய்ச்சாவுக்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, மற்றதுக்குக் கறுப்பு. லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரும் அவர்தான்.

★ ஆயிரத்துக்கு எத்தனை?

ஒரு ஊரில் வருஷத்துக்கு 100 பேர் இறந்தார்கள், இன்னொரு ஊரிலும் 100 பேர். இரண்டும் சமமா? இல்லை. முதல் ஊரில் 5,000 பேர் இருந்தால் ஆயிரத்துக்கு 20. அடுத்த ஊரில் 50,000 பேர் இருந்தால் ஆயிரத்துக்கு 2 மட்டும். இதுதான் இறப்பு விகிதம். பிறப்பு விகிதமும் இப்படித்தான்.

★ நம்ம நாட்டுக்கு வந்த கணக்கு

நைட்டிங்கேல் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. லண்டனில் நோயோடு படுத்தபடியே இந்திய ராணுவ முகாம்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பிப் பதில் வாங்கினார். ஆங்கிலேயச் சிப்பாய்கள் வருஷத்துக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறப்பதாக 1863 அறிக்கை சொன்னது. நல்ல தண்ணீர், வடிகால் என்று சீர்திருத்தம் நடந்தது. 1873-ல் அது 18 ஆனது. 1864-ல் சென்னையிலும் சுகாதாரக் குழு ஏற்பட்டது.

ஆனால் சிப்பாய்க்குப் பதிவேடு இருந்தது. குடிசையில் செத்தவருக்கு? 1876-78-ல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. கஞ்சி தேடி நடந்தவர்கள் வழியிலேயே விழுந்தார்கள். எழுத யாரும் இல்லை. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், நிவாரண வேலைக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியக் கூலி போதாது என்று இறப்புக் கணக்கைக் காட்டி வாதாடினார். கூலியும் உயர்ந்தது. மாகாண மக்கள்தொகை 1871-ல் சுமார் 3 கோடியே 12 லட்சம். பத்து வருஷம் பிள்ளைகள் பிறந்த பிறகும் 1881-ல் அது கூடவில்லை, கொஞ்சம் குறைந்தே இருந்தது. பதிவேட்டில் ஏறாதவர்கள் அந்தப் பள்ளத்தில்தான் தெரிந்தார்கள். லண்டனிலிருந்து நைட்டிங்கேல் 1878-ல் இந்தப் பஞ்சம் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். பாசன வசதி வேண்டும் என்று ஆர்தர் காட்டனோடு சேர்ந்து குரல் கொடுத்தார்.

அவருக்குத் தோல்வியும் உண்டு. 1861 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நோயாளிகளையும் எண்ணச் சொன்னார், அரசு கேட்கவில்லை. ஆக்ஸ்போர்டில் புள்ளியியல் பேராசிரியர் பதவி ஏற்படுத்த முயன்றார், அதுவும் நடக்கவில்லை. ஆனாலும் எழுதுவதை விடவில்லை. 1910 ஆகஸ்ட் 13-ல் 90 வயதில் காலமானார்.

★ நாம் என்ன செய்யலாம்?

நம் மாவட்ட மக்கள்தொகை 2001-ல் 21,86,125. 2011-ல் 24,64,875. கழித்துப் பாருங்க, 2,78,750 கூடியிருக்கு. பிறந்தவர் எத்தனை, இறந்தவர் எத்தனை, வேலைக்கு வெளியூர் போனவர் எத்தனை, இங்கே வந்தவர் எத்தனை என்று தெரிந்தால்தான் இந்த எண்ணுக்கு அர்த்தம் புரியும். எத்தனை பள்ளி, எத்தனை ஆஸ்பத்திரி வேண்டும் என்பதும் அதை வைத்துத்தான்.

எங்க பாட்டிகிட்ட பொறந்த தேதி கேட்டா, ஏரி ஒடஞ்ச வருஷம்னு சொல்லும். அவங்க பதிவேட்டில் இல்லை. அவங்களுக்கு முன்னாடி பிறந்து ஒரு வயசுல செத்துப்போன அக்காவும் இல்லை. அந்தக் குழந்தை பாட்டியோட ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கு.

1969 சட்டப்படி பிறப்பையும் இறப்பையும் 21 நாளுக்குள் பதியணும், அதற்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரியில் நடந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள். வீட்டில் நடந்தால் வீட்டுக்காரங்கதான் சொல்லணும். துக்கத்தில் மறந்துவிடும். நண்பர்களே, இன்னிக்கே வீட்டில் சொல்லுங்க. விளக்கேற்றி வணங்கினால் மட்டும் போதாது, பேரையும் எழுதி வைக்கணும்.