பத்து வயதில் முடிந்த பாடசாலை: கோ. நடேசய்யரின் கதை

சென்ற ஆண்டு சார்ஜாவில் எமக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவன் ஆறு மாதம் பாடசாலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தான். ஐந்தாம் வகுப்புப் படித்தவன். தகப்பனுக்கு வேலை போனது. வேலையோடு தங்கும் அனுமதியும் போனது. அனுமதி இல்லாத பிள்ளையை அடுத்த தவணைக்குப் பதிய முடியாது என்று பாடசாலையில் சொல்லிவிட்டார்கள். ஊருக்கு அனுப்பலாம் என்றால் ஊரில் பார்த்துக்கொள்ள எவரும் இல்லை. ஒரு கடிதம் எழுதித் தரும்படி தகப்பன் எம்மிடம் வந்தார். நாம் கணக்காளர், சட்டத்தரணி அல்ல. இருந்தாலும் விதிகளை எடுத்து வாசித்தோம். கல்வி எல்லோருக்கும் என்ற வரி முதலில் இருந்தது. யாருக்கு எந்த நிபந்தனையில் என்பது கீழே இருந்தது. கணக்கறிக்கையிலும் அப்படித்தான், விசயம் அடிக்குறிப்பில் கிடக்கும்.

அன்று இரவு எமக்கு நினைவுக்கு வந்தவர் கோ. நடேசய்யர். மலையகத்திலிருந்து 1977 கலவரத்துக்குப் பின் வவுனியாவுக்கு இறங்கி, பின்னர் அங்கிருந்தும் பெயர்ந்த குடும்பம் எமது. வீட்டில் அவர் பெயர் ஐயர் என்று மட்டுமே சொல்லப்படும். யாழ்ப்பாணத்துப் பெரியவர்களின் வாழ்க்கையை நன்றாக அறிந்த எம்மவர் பலருக்கு இவரைப் பற்றிப் பெயருக்கு மேல் தெரியாது. அந்தக் குறையை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம்.

நடேசய்யர் தஞ்சாவூர்க்காரர். அவருடைய முதல் உலகம் வணிகம். தஞ்சாவூரில் வர்த்தகமித்திரன் என்ற வியாபாரிகளுக்கான பத்திரிகையை நடத்தினார், வணிகம் சார்ந்த நூல்களும் எழுதினார். வர்த்தகப் பட்டம் பெற்ற எமக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. பேரேட்டைப் பார்த்துப் பழகியவர் தோட்டத்துக் கணக்கைப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவர் வாழ்க்கை ஓர் எடுத்துக்காட்டு.

பத்திரிகை வேலையாக 1919 அளவில் இலங்கைக்கு வந்தார். தோட்டங்களைப் பார்க்க விரும்பினார். அன்றைக்குத் தோட்டம் என்பது துரையின் தனிச்சொத்து. அனுமதி இல்லாமல் உள்ளே போனால் அத்துமீறிய பிரவேசம் என்று வழக்கு வரும். ஆனால் புடவை விற்பவரை எவரும் தடுப்பதில்லை. ஆகவே நடேசய்யர் புடவை மூட்டையைத் தூக்கிக்கொண்டு வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போனார். சேலையை விரித்துக் காட்டியபடி சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு, கங்காணி பிடிப்பது எவ்வளவு என்று விசாரித்தார். கணக்குப் பரிசோதனையை இப்படியும் செய்யலாம் என்பதை எந்தக் கல்லூரியும் எமக்குச் சொல்லித் தரவில்லை.

அவர் அங்கே கண்டவற்றில் முக்கியமானது துண்டு. ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் பழைய தோட்டத்திலிருந்து ஒரு சீட்டு வேண்டும். அந்தச் சீட்டில் அவர் பட்டிருக்கும் கடன் எழுதியிருக்கும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் தொழிலாளியின் தலையில் அப்படியே தொடரும். இடையில் பெரிய கங்காணிக்குத் தலைக்காசு, பென்ஸ் காசு. இந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வேலை மாறுவதற்குப் பழைய முதலாளியின் ஆட்சேபனையின்மைக் கடிதம் கேட்ட காலத்தை நாம் எல்லோரும் கடந்துதான் வந்தோம். கட்டாரில் அந்தக் கடிதம் 2020இல்தான் நீக்கப்பட்டது. துண்டு ஒழிந்து தொண்ணூற்றொன்பது ஆண்டுகளுக்குப் பின்.

நடேசய்யர் கொழும்பில் தங்கினார். 1921இல் தேசநேசன், 1924இல் தேசபக்தன் என்று பத்திரிகைகளில் எழுதினார். ஏ. ஈ. குணசிங்கவின் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தில் உப தலைவராக இருந்தார். அந்தக் கூட்டு நீடிக்கவில்லை. 1920களின் கடைசியில் குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியபோது இவர் விலகினார். அதற்கு முன்பே 1925இல் சட்டநிரூபண சபைக்கு இந்தியத் தமிழர் பிரதிநிதியாகத் தெரிவாகியிருந்தார். துரைமாரும் அவர்களுக்கு வேண்டியவர்களும் இருந்த அந்தச் சபையில் தோட்டத்துக்காகப் பேசியவர் பெரும்பாலும் தனியாகவே பேச வேண்டியிருந்தது.

இனிப் பாடசாலை விசயத்துக்கு வருவோம். இலங்கையின் 1920ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டத்தில் தோட்டங்களுக்குத் தனியான ஏற்பாடு இருந்தது. தோட்டத்தில் வசிக்கும் 6 முதல் 10 வயதுவரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுக்கும் பொறுப்பு தோட்டத்துரையிடம் விடப்பட்டது. தோட்டத்துக்கு வெளியே வளரும் பிள்ளைக்கு எல்லை பத்தோடு நிற்கவில்லை, இங்கே நின்றது. பாடசாலை என்பது பல இடங்களில் லயத்தில் ஓர் அறை, அல்லது பிள்ளைமடுவத்தின் ஒரு மூலை. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரே ஆசிரியர். பாடசாலையை நடத்த வேண்டியவரும் துரை, பிள்ளையின் கை கொழுந்து பறிக்கத் தேவைப்பட்டவரும் அதே துரை.

அதன் பிறகு 1927இல் இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டம் வந்தது. 10 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வேலைக்கு எடுக்கக் கூடாது என்று அது சொன்னது. நல்ல விதிதான். ஆனால் இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள். ஒன்றின்படி பத்து வயதில் பாடசாலை முடிகிறது. மற்றதன்படி பத்து வயதில் வேலை தொடங்குகிறது. நடுவில் ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. எமது தாத்தாவின் பெயர் பெரட்டில் ஏறிய வயதும் பத்துதான். அவர் அதை வறுமை என்று நினைத்தார். சட்டத்தில் எழுதியே வைத்திருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

அந்தச் சம்பளச் சட்டத்தின்கீழ் 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலியில் இலங்கையின் தோட்டங்கள் உயர்நாடு, மத்திய நாடு, கீழ்நாடு என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டன. உயர்நாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். கீழ்நாட்டில் 50, 40, 30. உயர்நாட்டுப் பிள்ளை ஒன்று மாதத்தில் 26 நாள் வேலைக்குப் போனால் 8 ரூபா 32 சதம். கடனில் இருக்கும் குடும்பம் ஒன்றுக்கு அந்த எட்டு ரூபா என்னவாகத் தெரிந்திருக்கும் என்பதைக் கணக்குப் படித்தவர் சொல்லத் தேவையில்லை. பெற்றோர்மேல் குற்றம் சொல்பவர்கள் இந்த அட்டவணையைப் பார்ப்பதில்லை. இந்தச் சம்பளம் போதாது என்பதே நடேசய்யரின் நிலைப்பாடு. அடுத்து வந்த பொருளாதார மந்தத்தில் இதுவும் வெட்டப்பட்டது.

இப்படி வயதாலும் இடத்தாலும் ஆளைப் பிரிப்பது பிரித்தானியர் இலங்கையில் மட்டும் செய்த வேலை அல்ல. நியூசிலாந்தில் 1877இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தபோது அந்தக் கட்டாயம் மாவோரிப் பிள்ளைகளுக்கு இருக்கவில்லை. 1894இல்தான் அவர்களுக்கும் வந்தது. அவர்களின் காணிகளுக்கு 1900ஆம் ஆண்டுச் சட்டம் தனி மாவட்டங்களை வகுத்துத் தனிச் சபைகளை வைத்தது. அங்கே மண்ணின் மக்கள், இங்கே கப்பலில் வந்த மக்கள். விதி எழுதிய பேனா மட்டும் ஒன்றாகத் தெரிகிறது.

பாடசாலை இல்லாததன் விளைவு நடேசய்யரைத்தான் நேராகத் தாக்கியது. பத்திரிகை நடத்துகிறார், தொழிற்சட்டங்களை எளிய தமிழில் விளக்கிக் கைநூல்கள் போடுகிறார். ஆனால் அவற்றை வாசிக்க வேண்டியவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்துத் தெரியாது. இதற்கு வழி கண்டவர் அவர் மனைவி மீனாட்சியம்மாள். மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளில் தொழிலாளர் நிலையைப் பாட்டாகக் கட்டித் தோட்டக் கூட்டங்களில் பாடினார். கூட்டம் முதலில் பாட்டுக்கு வரும், பிறகு பேச்சைக் கேட்கும். 1940இல் அந்தப் பாட்டுகள் சிறு நூலாகவும் வந்தன. தேசபக்தன் பத்திரிகையிலும் அவருடைய உழைப்பு உண்டு. மலையகத்தில் பெண் ஒருவர் மேடையேறி அரசியல் பேசியது அவரிலிருந்துதான் தொடங்குகிறது என்பது எமது எண்ணம். எமது பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் சம்பளச் சட்டத்தைப் பற்றி ஏதோ ஒரு பாட்டை அரைகுறையாக முணுமுணுப்பார். எங்கே கேட்டது என்று நாம் அப்போது கேட்கவில்லை.

1931 ஜனவரியில் ஹட்டனில் அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நடேசய்யர் தொடங்கினார். தோட்டத் தொழிலாளருக்கென்றே எழுந்த முதல் தொழிற்சங்கம் அது. ஆரம்பத்தில் ஆட்கள் திரண்டார்கள். துரைமார் எதிர்த்தார்கள், பெரிய கங்காணிமார் அவர்களைவிட அதிகம் எதிர்த்தார்கள். சில ஆண்டுகளில் சங்கம் தளர்ந்தது. அவரிடமும் குறை இருந்தது. யாரோடும் நெடுநாள் சேர்ந்து நடக்க அவரால் முடியவில்லை. 1939இல் நேருவின் வருகையோடு இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானபோதும் இவர் அதற்குள் ஒட்டவில்லை. தலைமையை ஒரு கையிலேயே வைத்திருந்தவரின் சங்கம் அந்தக் கையோடு தளர்வது நாம் புலத்திலும் பார்த்துப் பழகியதுதான்.

1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். அப்போது காணி விசயம் முற்றியிருந்தது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் முடிக்குரிய காணியை இலங்கையருக்குப் பகிர்ந்தளிக்க வந்தது. இலங்கையர் யார் என்ற வரைவிலக்கணத்துக்குள் தோட்டத் தமிழர் அடங்கவில்லை. காட்டை வெட்டி மலையைத் திறந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த மலையில் ஒரு பேர்ச் காணியும் கேட்க முடியாமல் போனது. அடுத்தது கிராமச் சங்க வாக்கு. 1937இல் கொண்டுவந்த திருத்தம் ஐரோப்பியருக்கும் பறங்கியருக்கும் அந்த வாக்கைக் கொடுத்து, இந்தியத் தோட்டத் தொழிலாளரை வெளியே விட்டது. இன வேற்றுமை என்று எதிர்ப்பு எழுந்ததும் சொற்களை மாற்றினார்கள். இந்தியர் என்ற சொல் போயிற்று. லயத்தில் வசிக்கும் தோட்டத் தொழிலாளி எவருக்கும் வாக்கு இல்லை என்று ஆயிற்று. லயத்தில் வசித்தது யார் என்பது எழுதியவர்களுக்குத் தெரியும்.

துபாயிலும் வெளிநாட்டவர் முழு உரிமையோடு நிலம் வாங்கக் கூடிய பகுதிகள் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் குறித்து ஒதுக்கப்பட்டவைதான். அதில் எமக்குப் பெரிய மனக்குறை இல்லை. ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்து வைத்துவிட்டு வந்தவர்கள் நாம். சொந்த மண் என்று எவரும் எமக்குச் சொல்லவில்லை. மலையகத்தில் மூன்றாம் தலைமுறைக்கும் அதே ஒப்பந்தக்காரன் என்ற பெயரை வைத்ததுதான் கொடுமை. நடேசய்யர் பதினொரு ஆண்டுகள் அந்தச் சபையில் இருந்து இதை எதிர்த்தார். இந்தியத் தரப்புக்கும் இலங்கைத் தரப்புக்கும் நடந்த பேச்சுகளைப் பற்றி ஆங்கிலத்திலும் எழுதினார். 1939இல் இந்தியா புதிதாகத் தொழிலாளர் வருவதைத் தடைசெய்தபோது, உள்ளே இருந்தவர்களின் உரிமை என்ன என்ற கேள்விக்கு எவரும் பதில் எழுதவில்லை.

1945இல் இலவசக் கல்வி வந்தது. கன்னங்கராவைப் போற்றாத இலங்கையர் இல்லை, நாமும் போற்றுகிறோம். ஆனால் தோட்டப் பாடசாலைகள் அந்த ஓட்டத்தில் சேரவில்லை. அவற்றை அரசு முறையாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். அதற்குள் இன்னும் இரண்டு தலைமுறை பெரட்டுக்குப் போய்விட்டது.

1947 பொதுத் தேர்தலில் நடேசய்யர் தோற்றார். அதே ஆண்டு நவம்பரில் காலமானார். அடுத்த ஆண்டு குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்பதற்குக் கடதாசி கேட்டது. பத்து வயதில் பாடசாலையை விட்ட மக்களிடம் கடதாசி இருக்கவில்லை. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். எமது சித்தப்பா முதல் தொகையில் போனார், தகப்பனார் இரண்டாவதில் நின்றார்.

சார்ஜாப் பிள்ளையின் தகப்பனுக்கு ஏழாவது மாதம் வேறொரு கம்பனியில் வேலை கிடைத்தது. அனுமதி வந்ததும் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்கள். அவனுடைய வகுப்புப் பிள்ளைகள் இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கிறார்கள். அவன் இன்னும் ஐந்தில் இருக்கிறான்.