இதழ்களில் வாழ்ந்த ராஜமையர்

கொடைக்கானல் மலையடிவாரத்தில் உள்ள வத்தலக்குண்டுக்குத் தமிழ் இதழியல் வரலாற்றில் தனியிடம் உண்டு. ‘மணிக்கொடி’யைச் சிறுகதை இதழாக வளர்த்த பி.எஸ். ராமையாவும், 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பாவும் இவ்வூரினர். இவ்விருவருக்கும் முன்னோடியாக விளங்கியவர் பி.ஆர். ராஜமையர்.

இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள வத்தலக்குண்டு அன்று மதுரை மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அங்கு 1872இல் பிறந்த ராஜமையர் மதுரையிலும், பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று பட்டம் பெற்றார். தொடர்ந்து பயின்ற சட்டம் அவருக்குக் கைகூடவில்லை. கம்பரும் தாயுமானவரும் வேதாந்தமுமே அவர் உள்ளத்தை ஈர்த்தன.

சி.வி. சுவாமிநாதையர் நடத்திய ‘விவேக சிந்தாமணி’ மாத இதழில் 1893ஆம் ஆண்டு முதல் 1895 வரை ‘கமலாம்பாள் சரித்திரம்’ தொடர்ந்து வெளிவந்தது. எழுதத் தொடங்கியபோது ஆசிரியருக்கு அகவை இருபத்தொன்றைத் தாண்டவில்லை. மதுரைச் சீமையின் சிற்றூர் வாழ்வும், பெண்களின் வம்புப் பேச்சும், ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழ்ப் பண்டிதரின் நகைச்சுவையும் அதில் உயிர்பெற்றன. 1896இல் அது நூலாயிற்று.

அதே ஆண்டு ஜூலையில், விவேகானந்தரின் ஊக்கத்தால் சென்னை அன்பர்கள் ‘பிரபுத்த பாரத’ என்னும் ஆங்கில மாத இதழைத் தொடங்கினர். ராஜமையர் அதன் ஆசிரியரானார். புனைபெயர்கள் பல பூண்டு, இதழின் பக்கங்களில் பெரும்பகுதியைத் தாமே எழுதி நிரப்பினார். அதில் எழுதிவந்த ஆங்கில நாவல் முற்றுப்பெறுமுன்னரே, 1898ஆம் ஆண்டு மே மாதத்தில், இருபத்தாறாம் அகவையில் மறைந்தார். அவரோடு சென்னையில் இதழும் நின்றது. ஆகஸ்டில் அல்மோராவில் மீண்டும் தொடங்கப்பெற்று இன்றளவும் வெளிவருகிறது. அவருடைய ஆங்கிலக் கட்டுரைகள் 1905இல் தொகுக்கப்பெற்று நூலாயின.

அவருடைய எழுத்து வாழ்வு ஐந்தாறு ஆண்டுகளே. அதன் விளைவு பெரும்பாலும் மாத இதழ்களில்தான் சிதறிக் கிடந்தது. எவரேனும் அவ்விதழ்களைச் சேர்த்துக் கட்டடம் செய்து காத்திராவிடில், தொகுப்பாசிரியர்க்குத் தொகுக்க ஒன்றும் இருந்திராது. நூலாக வந்த பின்னும் இதழின் பயன் தீர்ந்துவிடுவதில்லை. நாவலை முழுமையாக நூல் தருகிறது. மாதந்தோறும் காத்திருந்து படித்த வாசகர், அருகில் எவ்வெக்கட்டுரைகளை, எவ்விளம்பரங்களைக் கண்டனர் என்பதை இதழே காட்டும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராகத் திரட்டிய நூல்களும் இதழ்களும், அவர் மறைவுக்குப் பின், 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. சிகாகோ பல்கலைக்கழகம் அதற்குத் துணைநின்றது. அத்தகைய பணியின் ஒரு சிறு கூறேனும் நம் வட்டத்தால் இயலாததன்று. திண்டுக்கல், நிலக்கோட்டை, வத்தலக்குண்டுப் பகுதி வீடுகளின் பரண்களில் பழைய இதழ்கள் இன்னும் இருத்தல் கூடும். அவை எடைக்குப் போகுமுன் நம் உறுப்பினர் சென்று கேட்டுப் பெற்று, பட்டியலிட்டுக் காத்தல் வேண்டும். பத்தாம் ஆண்டில் நாம் மேற்கொள்ளத்தக்க பணி இதனினும் வேறில்லை.