ஆரோன் வழிவந்த சக்கரியாஸ்

திருச்சபை நாள்தோறும் காலைச் செபத்தில் பாடும் புகழ்ப்பாடலை முதன்முதலில் பாடியவர், எருசலேம் ஆலயத்தில் பணிபுரிந்த முதிய குரு சக்கரியாஸ். ஸ்நாபக அருளப்பரின் தந்தை என்ற அளவில் நாம் அனைவரும் அவரை அறிவோம். ஆயினும் அவர் பிறந்த குலம் எது, அக்குலத்தாரின் பணி என்ன என்று அறிந்தால்தான் அவர் செய்த தியாகம் விளங்கும். ஆகவே நம் பங்கின் ஜூபிலி மலரில் அவருடைய வரலாற்றைச் சுருக்கமாகத் தருகிறோம்.

இஸ்ராயேல் மக்களின் கோத்திரங்களுள் லேவி கோத்திரம் இறைபணிக்கென்றே ஒதுக்கப்பட்டது. மற்றவர்களைப் போல் அவர்களுக்கு நிலப்பங்கு இல்லை. குடியிருக்க 48 ஊர்களும், மக்கள் செலுத்திய பத்தில் ஒரு பாகமும் அவர்களுக்கு உரியவை. பாலைவனப் பயணத்தில் ககாத்தின் மக்கள் திருப்பொருட்களைத் தோளில் சுமந்தனர். கெர்சோன் மக்கள் கூடாரத்தின் திரைகளையும், மெராரி மக்கள் சட்டங்களையும் தூண்களையும் கவனித்துக்கொண்டனர். இவர்களுள்ளும் ஆரோன் வழிவந்தவர்கள் மட்டுமே பீடத்தில் பலியிடவும் தூபம் காட்டவும் உரிமை பெற்றவர்கள்.

ஆரோனின் மைந்தர்களான எலெயாசார் வழியில் 16, இத்தாமார் வழியில் 8, ஆக 24 வகுப்புகளாகக் குருக்கள் பிரிக்கப்பட்டிருந்தனர். ஒவ்வொரு வகுப்பாரும் முறைப்படி ஒரு வாரம் ஆலயத்தில் பணிபுரிவர். செங்கல்பட்டுச் சீமையின் பழங்கோயில்களில் அர்ச்சகர் குடும்பங்கள் முறைவைத்துப் பூசை செய்வதைக் கேட்டறிந்த நமக்கு இது புதிதன்று.

குல உரிமையில் கண்டிப்பும் மிகுதி. பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பிய குருக்கள் 4,289 பேர் என்று எஸ்ரா ஆகமம் கணக்குச் சொல்கிறது. தாங்களும் குருகுலத்தாரே என்று சொல்லியும், தலைமுறைப் பட்டியலில் பெயர் காணப்படாத சிலர் பீடப் பணியினின்று விலக்கி வைக்கப்பட்டனர்.

சக்கரியாஸ் 24 வகுப்புகளுள் எட்டாவதான அபியா வகுப்பைச் சேர்ந்தவர். அவருடைய மனைவி எலிசபெத்தம்மாளும் ஆரோன் குலத்துப் பெண்மணி. இருவரும் நீதிமான்கள், ஆனால் பிள்ளைச் செல்வம் இல்லை. தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் குருத்துவத்தில் இது எத்தகைய வேதனை! தம் வீட்டிலிருந்து இனி யாரும் ஆலயப் படி ஏறப்போவதில்லை என்ற எண்ணத்தோடே அவர்கள் முதுமை அடைந்தனர்.

பெரிய ஏரோதின் காலத்தில், அபியா வகுப்பாரின் முறை வந்தது. தூபம் காட்டுபவரைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். குருக்கள் ஏராளமாக இருந்தபடியால், ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறை அந்தப் பேறு கிடைத்தாலே பெரிது. சீட்டு சக்கரியாசின் பேருக்கு விழுந்தது. உள்ளே தூபப் பீடத்தருகே கபிரியேல் தூதர் தோன்றி, அவருக்கு ஒரு மகன் பிறப்பான் என்றும், அவனுக்கு அருளப்பன் என்று பெயரிட வேண்டும் என்றும் அறிவித்தார். சக்கரியாஸ் நம்பவில்லை; பேச்சிழந்தார். வெளியே மக்கள் காத்திருந்தனர். வந்தவரால் கையால் சைகை காட்ட மட்டுமே முடிந்தது. இருப்பினும் தம் முறை நாட்கள் முடியும்வரை ஊமையாகவே பணியில் இருந்து, பிறகே யூதேயா மலைநாட்டிலிருந்த தம் இல்லம் திரும்பினார். அந்த ஊர் எருசலேமுக்கு மேற்கேயுள்ள அயின் கரீம் என்பது பாரம்பரியம்.

குழந்தை பிறந்த எட்டாம் நாள் உறவினர் கூடினர். தந்தையின் பெயரையே சூட்ட விரும்பினர். தாய் மறுத்தாள். அருளப்பன் என்ற பெயர் அவர்கள் உறவில் யாருக்கும் இல்லை. சக்கரியாஸ் எழுது பலகையைக் கேட்டு வாங்கி, அந்தப் பெயரையே எழுதினார். அப்போதுதான் அவர் நாவு கட்டவிழ்ந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். பிள்ளை பிறந்த நாளில் அவருக்குப் பேச்சு வரவில்லை. அந்தப் பிள்ளை குலத்துக்கு அன்று, கடவுளுக்கே சொந்தம் என்று தம் கையால் எழுதிக் கொடுத்தபின்தான் வந்தது. உடனே எழுந்ததே அந்தப் புகழ்ப்பாடல்.

தாய்வழியும் தந்தைவழியும் குருகுலத்தவரான அருளப்பரோ ஆலயத்தில் முறை பார்க்கப் போகவில்லை. பாலைவனம் சென்றார், யோர்தானில் மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அவர் சுட்டிக்காட்டிய இயேசு லேவி கோத்திரத்தவர் அல்லர், யூதா கோத்திரத்தவர். மெல்கிசெதேக் முறைப்படி அவர் நித்திய குருவானார் என எபிரேயர் நிருபம் விளக்குகிறது. கி.பி. 70-இல் உரோமையர் எருசலேம் ஆலயத்தை அழித்தபோது 24 வகுப்பாரின் பலிப்பணியும் நின்றது. ஆயினும் தங்கள் வரிசையை அவர்கள் மறக்கவில்லை. அதைப் பொறித்த கற்பலகைத் துண்டுகள் 1962-இல் செசரியாவில் கிடைத்தன.

இன்று நமக்குக் குருகுலம் என்று தனியே ஒன்றும் இல்லை. ஆகையால் குருக்களைத் தரும் கடமை ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு. 2002-ஆம் ஆண்டு உருவான நம் செங்கல்பட்டு மறைமாவட்டத்துக்கு, வேலை தேடிப் பல ஊர்களிலிருந்தும் வந்து மறைமலைநகரில் குடியேறிய நம் வீடுகளிலிருந்தும் குருக்கள் எழ வேண்டாமா? ஒரே பிள்ளையாயிற்றே, நம் பெயர் சொல்ல வேறு யார் என்று தயங்கும் பெற்றோர், ஒரே மகனை விட்டுக்கொடுத்த அந்த முதியவரை நினைத்துக்கொள்வார்களாக. செப்டம்பர் 23-ஆம் நாள் புனித சக்கரியாசையும் புனித எலிசபெத்தம்மாளையும் திருச்சபை நினைவுகூர்கிறது. அன்று நம் இல்லங்களில் தேவ அழைத்தலுக்காகச் சிறப்பாக மன்றாடுவோம்.