ஏழைச் சிறுவர்களின் அன்னை மார்கரீத்தம்மாள்



யூபிலி மலர் என்றால் பங்கில் பணியாற்றிய குருக்களின் பெயர்களும், கோயிலுக்குக் கொடை தந்தவர்களின் பெயர்களும் அதில் இடம் பெறும். அது முறையே. ஆனால் விடியுமுன் எழுந்து மீன் கூடையைத் தலையில் ஏற்றிப் புறப்படுகிற தாய்மாரும், கம்பெனி வேலை முடிந்து வந்து அடுப்பு மூட்டுகிற தாய்மாரும், அந்த அலுப்போடும் ஞாயிறு பூசைக்குப் பிள்ளைகளைத் தலைசீவி அழைத்து வருகிறார்களே, அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்களை மனதில் வைத்து, அவர்களைப் போன்ற ஒரு தாயின் வரலாற்றை இங்கே எழுத விழைகிறேன். அவர் புனித தொன் போஸ்கோவைப் பெற்ற மார்கரீத்தம்மாள்.

இத்தாலி நாட்டின் வடபகுதியில் கப்ரிலியோ என்ற சிற்றூரில், ஓர் உழவர் குடும்பத்தில், 1788-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் அவர் பிறந்தார். எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் ஞானோபதேசம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். 1812-இல் பிரான்சிஸ் போஸ்கோ என்பவருக்கு வாழ்க்கைப்பட்டார். பிரான்சிஸ் மனைவியை இழந்தவர். அவருக்கு அந்தோணி என்ற சிறு மகனும், வயதான தாயும் இருந்தனர். மார்கரீத்தம்மாளுக்கு 1813-இல் சூசையும், 1815 ஆகஸ்டு 16-இல் ஜானும் பிறந்தனர். இந்த ஜானே பின்னாளில் உலகம் போற்றிய தொன் போஸ்கோ.

மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1817 மே மாதத்தில், வேலை செய்து வேர்த்த உடலோடு குளிர்ந்த நிலவறைக்குள் இறங்கிய பிரான்சிஸுக்குச் சளிச்சுரம் கண்டது. சில நாட்களில் அவர் காலமானார். மார்கரீத்தம்மாளுக்கு அப்போது வயது 29. மூன்று ஆண் பிள்ளைகள், நோயுற்ற மாமியார், போதாக்குறைக்கு நாடெங்கும் கொடிய பஞ்சம். பணம் கொடுத்தாலும் தானியம் கிடைக்கவில்லை. அப்போது அவர் பிள்ளைகளோடு முழந்தாளிட்டுச் செபித்தார். பின் எழுந்து, அண்டை வீட்டுக்காரரின் துணையோடு தொழுவத்திலிருந்த கன்றை அடித்துக் குடும்பத்தின் பசியாற்றினார். செபமும் உழைப்பும் அவரிடம் இப்படித்தான் கைகோத்து நடந்தன.

மறுமணம் செய்துகொள்ள நல்ல இடம் ஒன்று வந்தது. பிள்ளைகளை வேறொரு காப்பாளரிடம் ஒப்படைக்கலாம் என்றனர். அவர் மறுத்துவிட்டார். மாமியாரை இறுதிவரை பெற்ற தாயைப் போலப் பேணினார். ஜானின் புதுநன்மைக்கு முன், தவக்காலத்தில் மூன்று முறை மகனைப் பாவசங்கீர்த்தனத்துக்கு அழைத்துச் சென்று, தாமே அவனை ஆயத்தம் செய்தார்.

வீட்டில் ஒரு பெரும் சிக்கல் இருந்தது. ஜான் படித்துக் குருவாக ஆசைப்பட்டான். மூத்தவன் அந்தோணியோ, நிலத்தில் பாடுபடுகிற குடும்பத்துக்குப் படிப்பு எதற்கென்று சண்டையிட்டான். அவன் தம் வயிற்றில் பிறந்தவன் அல்லன் என்பதால் தாய்க்கு அதில் இரட்டைச் சங்கடம். அவனை ஒடுக்கினால் மாற்றாந்தாய் என்பார்கள். ஜானை அடக்கினால் தேவ அழைத்தலுக்கு ஊறு. கடைசியில், 1828-ஆம் ஆண்டு பிப்ரவரிக் குளிரில், 12 வயது ஜானை மோலியா என்பவர்களின் பண்ணைக்கு வேலை தேடி அனுப்பினார். பெற்ற மகனைப் பிறர் வீட்டு வேலைக்கு அனுப்பிய அந்தத் தாயின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்! பின்னர் சொத்துப் பிரிவினை ஆனது. அந்தோணிக்கு உரியது கிடைத்தது. ஜான் படிக்கச் சென்றார். 1841 ஜூன் 5-இல் குருப்பட்டம் பெற்றார். பூசை செய்யத் தொடங்குவது பாடுபடத் தொடங்குவதே என்று தாய் அவருக்கு அறிவுரை கூறினார். மகன் செல்வம் சேர்த்தால் அவன் வீட்டு வாசலையே மிதிப்பதில்லை என்று அதற்கு முன்பே எச்சரித்தும் இருந்தார்.

தூரின் நகரில் அப்போது ஆலைகளும் கட்டட வேலைகளும் பெருகிவந்த காலம். பிழைப்புத் தேடி வந்து தெருவில் திரிந்த சிறுவர்களைத் தொன் போஸ்கோ ஒன்று சேர்த்தார். 1846-இல் கடும் நோயுற்று எழுந்த அவர், தம்மோடு வந்து தங்கும்படி தாயை வேண்டினார். மார்கரீத்தம்மாளுக்கு வயது 58. பேரப்பிள்ளைகளோடு சொந்த வீட்டில் இளைப்பாற வேண்டிய வயது. தேவசித்தம் அதுவானால் வருகிறேன் என்றார். நவம்பர் 3-ஆம் நாள், ஒரு கூடையோடு மகனுடன் கால்நடையாகவே தூரின் சேர்ந்தார். அங்கே தம் கல்யாண உடையைப் பூசை உடுப்புகளாக்கினார். கழுத்துச் சங்கிலியையும் விற்றார்.

முதலில் தங்க இடம் கொடுத்த சிறுவர்கள் விடிவதற்குள் போர்வைகளையும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டனர். ஆனாலும் 1847-இல் ஒரு மழை இரவில் நனைந்து வந்த அனாதைச் சிறுவனுக்கு அவர் அடுப்பங்கரையிலேயே படுக்கை போட்டுக் கொடுத்தார். உறங்குமுன் அவனுக்குச் சில நல்ல வார்த்தைகளும் கூறினார். சலேசிய இல்லங்களில் இன்றும் இரவு செபத்துக்குப் பின் சொல்லப்படும் சிற்றுரைக்கு அதுவே தொடக்கம் என்பர். அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகள் பெருகினர். சமைப்பதும், துவைப்பதும், கிழிசல் தைப்பதும் அவர் வேலை.

ஒருநாள் சிறுவர்கள் போர் விளையாட்டில் அவருடைய காய்கறித் தோட்டத்தையே மிதித்து நாசமாக்கினர். மனம் உடைந்த அவர், ஊருக்கே திரும்பிவிடுகிறேன் என்றார். தொன் போஸ்கோ பதில் பேசவில்லை. சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபத்தைக் காட்டினார். தாய் கண்கலங்கி மீண்டும் தம் வேலைக்குத் திரும்பினார். புனிதர்களுக்குச் சலிப்பே வராது என்று எண்ணுகிறோம். வந்தது, வந்தும் அவர் நிலைத்து நின்றார்.

1854-இல் காலரா பரவியபோது தொன் போஸ்கோவின் சிறுவர்கள் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தனர். வீட்டுத் துணிகள் தீர்ந்ததும் பீடத் துணியையும் அவர் நோயாளிக்குப் போர்த்தக் கொடுத்தார். 1856 நவம்பர் 25-இல், 68-ஆம் வயதில் இறையடி சேர்ந்தார். ஏழைகளைப் போல் பொதுக்குழியில் அடக்கம் செய்யப்பட்டார். இன்று காட்ட ஒரு கல்லறையும் இல்லை. சலேசிய சபை 1859-இல் தோன்றியபோது அவர் உயிரோடில்லை. அச்சபையார் 1906-இல் தஞ்சாவூர் வந்து இறங்கினர். நம் சென்னை மறைமாவட்டத்துக்கே மெதர்லே, மத்தியாஸ் என்னும் இரு பேராயர்களை அச்சபை தந்தது. எழுத்தறியாத அந்தத் தாய் சமைத்த சோற்றின் பலனில் நமக்கும் பங்கு உண்டு.

தொன் போஸ்கோ 1934 ஏப்ரல் 1-இல், பாஸ்கு ஞாயிறன்று, புனிதராக உயர்த்தப்பட்டார். அது அவர் அன்னையின் பிறந்தநாளும்கூட. 2006-இல் திருச்சபை மார்கரீத்தம்மாளை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

தாய்மாரே, இந்த மலரில் உங்கள் பெயரைத் தேடிக் காணாவிட்டால் வருந்தாதீர்கள். பிள்ளைகளே, தந்தைமாரே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள்: இன்று வீடு திரும்பியதும் உங்கள் அம்மாவின் கைகளைச் சற்று நேரம் பாருங்கள். நமது யூபிலியின் பாதிக் கணக்கு அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.

பங்குத் தந்தை