டாக்டர்களின் கல்விக் கடனை அரசே அடைக்கும் அமெரிக்கத் திட்டம்: விதை போட்ட வாரன் மேக்னுசன் யார்?

அமெரிக்காவில் மருத்துவம் படித்து முடிப்பவர்களில் பெரும்பாலானோர் பட்டத்தோடு சேர்த்து பெரிய கடனையும் சுமந்துகொண்டுதான் வெளியே வருகிறார்கள். அந்தக் கடனை அடைக்க, அதிக வருமானம் தரும் சிறப்புத் துறைகளை நோக்கி ஓடுவது இயல்பு. அப்போ, குக்கிராமத்துக்கும் நகரத்தின் ஏழைப் பகுதிக்கும் போகப்போவது யார்?

இந்தக் கேள்விக்கு அமெரிக்க அரசு வைத்திருக்கும் பதில், தேசிய சுகாதாரச் சேவைப் படை. அதற்கு விதை போட்டவர் டாக்டர் இல்லை, ஒரு வக்கீல்.

யார் இந்த மேக்னுசன்?

1905-ல் மின்னசோட்டா மாநிலத்தின் மூர்ஹெட் ஊரில் பிறந்தவர் வாரன் மேக்னுசன். தத்துப்பிள்ளையாக வளர்ந்தவர். இளம் வயதில் சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு மேற்கே போய், சியாட்டிலில் இறங்கினார். அங்கே 1929-ல் சட்டப் படிப்பை முடித்தார்.

1937-ல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். தேசியப் புற்றுநோய் நிறுவனத்தை உருவாக்கிய சட்டத்துக்கு அந்த ஆண்டே துணை நின்றார். 1944 முதல் 1981 வரை செனட்டர். சுகாதாரத் துறைக்கான நிதி ஒதுக்கீட்டில் அவர் கை ஓங்கியிருந்தது.

1970-ல் என்ன நடந்தது?

சியாட்டிலைச் சேர்ந்த குழந்தைகள் நல மருத்துவர் ஏப் பெர்க்மன் ஒரு யோசனையோடு வந்தார். அது வியட்நாம் போர்க் காலம். டாக்டர்களுக்கும் கட்டாய ராணுவச் சேவை இருந்தது. ஆனால் அரசின் பொதுச் சுகாதாரச் சேவையில் சேர்ந்தால், அதுவே ராணுவக் கடமைக்கு ஈடாகிவிடும். அப்படி வருகிற இளம் டாக்டர்களை, டாக்டரே இல்லாத ஊர்களுக்கு அனுப்பினால் என்ன?

மேக்னுசன் இதை மசோதாவாக்கினார். காங்கிரஸில் நிறைவேறி, 1970 டிசம்பர் 31 அன்று, அதாவது ஆண்டின் கடைசி நாளில், அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார்.

கடன் எங்கே உள்ளே வந்தது?

1973-ல் கட்டாய ராணுவச் சேர்க்கை நின்றுபோனது. டாக்டர்களை இழுத்துவந்த காந்தமும் அதோடு போனது. அதற்கு முன்பே, 1972-ல் செய்த சட்டத் திருத்தம் உதவித்தொகைக்கு வழி செய்திருந்தது. படிப்புச் செலவை அரசு ஏற்கும், படித்தவர் பிறகு சேவை செய்ய வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். உதவித்தொகை வாங்கிய மாணவர் டாக்டராகி ஊருக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் மனசு மாறலாம், குடும்பம் வரலாம். 1987-ல் வந்த கடன் அடைப்புத் திட்டம் இதைத் திருப்பிப் போட்டது. படித்து முடித்தவரே விண்ணப்பிப்பார், உடனே வேலையில் சேருவார், அவர் கடனை அடைக்க அரசு பணம் தரும்.

இது எப்படி வேலை செய்கிறது?

முதலில், எந்த ஊரில் பற்றாக்குறை என்று அரசு கணக்கிடுகிறது. பொதுவாக 3,500 பேருக்கு ஒரு டாக்டர் கூட இல்லையென்றால் அது பற்றாக்குறைப் பகுதி. அங்கே 2 ஆண்டுகள் முழுநேரமாக வேலை பார்த்தால், பல ஆண்டுகளாக இருந்துவந்த உச்சவரம்பு 50,000 டாலர். டாக்டர்கள் மட்டுமல்ல, பல் மருத்துவர்கள், செவிலியர்கள், மனநல ஆலோசகர்கள் எனப் பலரும் சேரலாம். பாதியில் விட்டுப் போனால் அபராதம் கடுமையாக இருக்கும்.

அப்போ பிரச்சினை தீர்ந்துவிட்டதா?

முழுசாகத் தீரவில்லை. சேவைக் காலம் முடிந்ததும் சிலர் அந்த ஊரிலேயே தங்கிவிடுகிறார்கள், சிலர் பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். பணம் ஒரு டாக்டரை ஊருக்கு வரவைக்கும். அவர் அங்கேயே இருப்பது பிள்ளைகளின் பள்ளி, வாழ்க்கைத் துணையின் வேலை, கூட வேலை பார்க்கும் ஆட்கள் என்று வேறு பல விஷயங்களைப் பொறுத்தது. போன டாக்டரின் இடத்துக்கு இன்னொருவரைத் தேட வேண்டும், நோயாளிகள் மறுபடி முதலிலிருந்து தங்கள் கதையைச் சொல்ல வேண்டும்.

ஆனாலும், அந்த 2 ஆண்டுகளில் ஒரு கர்ப்பிணிக்கோ சர்க்கரை நோயாளிக்கோ பக்கத்திலேயே ஒரு டாக்டர் இருந்தார் என்பது சின்ன விஷயம் இல்லை.

மேக்னுசன் 1980 தேர்தலில் தோற்றார். கடன் அடைப்புத் திட்டம் வந்தபோது அவர் பதவியில் இல்லை. 1989 மே 20 அன்று சியாட்டிலில் காலமானார். அவர் தொடங்கிவைத்த படை, அரை நூற்றாண்டைத் தாண்டி இன்றும் ஆள் எடுத்துக்கொண்டிருக்கிறது.